சம்பந்தி நீட்டிய சாவி

பெருந்தொற்றுக் காலப் பயணத் தடை நீங்கிய கையோடு, மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தியையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு நாங்கள் வழக்கமாகப் போகும் கடற்கரை ஊருக்குப் போனோம். "ரூம் பதியறதெல்லாம் எதுக்கு? என் தலை தெரிஞ்சா போதும், சாவி கைக்கு வந்துடும்" என்று ரயிலிலேயே சொல்லியிருந்தேன். வருடந்தோறும் அப்படித்தான் நடந்து வந்தது.

விடுதி மேலாளர் என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். சாவியை மட்டும் எடுக்கவில்லை.

"பூட்டிக் கிடந்தப்போ முதலாளி இதை ஒரு கம்பெனிகிட்ட விட்டுட்டாருங்கய்யா. இப்ப போன்ல பதிஞ்சாதான் ரூம். நானா குடுத்தா என் வேலை போயிடும்."

"நான் யாருன்னு தெரியும்ல?"

"தெரியாம இருக்குமா? அதான் நிமிர்ந்து பார்க்க முடியல."

அப்படிச் சொல்கிறவரை எப்படித் திட்டுவது? என் மனைவி காதருகே வந்து, "தலை சரியா தெரியல போல. இன்னொரு தரம் காட்டுங்க" என்றாள்.

சம்பந்தி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். அவர் தன் போனை எடுத்து இரண்டு அறைகளைப் பதிந்தார். மேலாளர் கொடுத்த சாவிகளில் ஒன்றை இரு கைகளாலும் என்னிடம் நீட்டினார்.

"கடலைப் பார்த்த ரூம் உங்களுக்கு, சம்பந்தி. நீங்க கூப்பிட்டுத்தானே நாங்க வந்தோம்!"

மறுத்தால் அவருக்கு அவமரியாதை. வாங்கினால் எனக்கு. மேலாளர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையை நீட்டினேன்.