எலிகளில்

1

இந்தக் கதை, நான் ஒரு சொல்லை வெட்டியதால் பிறந்தது. வேறு யாரையும் கை காட்ட வழியில்லை. வார இதழ் ஒன்றின் உடல்நலப் பக்கம் என் பொறுப்பு. ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து, தமிழில் சுருக்கி, பக்கத்தில் பொருத்துவேன். இதற்கான முதல் வரியை நான்கு முறை எழுதிவிட்டேன்.

அக்காவின் சிறுநீரகங்கள் கைவிட்ட அன்று வானம்...

(வானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

தவறு செய்யாத மனிதர் யார்...

(நழுவப் பார்க்கிறேன். இதுவும் வேண்டாம்.)

2

அக்காவை எப்படி அறிமுகம் செய்வது? ‘அன்பே உருவானவள்’ என்று எழுதினால் அவளே சிரிப்பாள். துணிக்கடையில் கால்சட்டைகளின் நீளம் குறைத்துத் தைக்கிறவள். வாடிக்கையாளர் சொல்லும் அளவை நம்பமாட்டாள். தானே டேப்பை வைத்து அளப்பாள். அவள் அளந்து பார்க்காமல் நம்பிய ஒரே ஆள் நான். சர்க்கரை வியாதி பதினோரு வருடமாக உண்டு. அது சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது.

3

நான் எழுதியிருந்த வரி:

‘சர்க்கரை வியாதியால் கெட்ட சிறுநீரகம், இந்த இலையின் சாற்றால் எலிகளில் ஓரளவு தேறியது.’

‘தேறியது’ மட்டும் அடுத்த வரிக்கு வழிந்து, கீழே இருந்த விளம்பரத்தில் இடித்தது. அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. ‘எலிகளில்’ என்பதைத் தூக்கினேன். வரி கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றைக்கு அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

(இலையின் பெயரை இங்கே எழுதமாட்டேன். இதையும் யாராவது கத்தரித்து வைத்துக்கொள்வார்கள்.)

4

அக்கா கத்தரித்து வைத்திருந்தாள். மாத்திரைகளை நிறுத்திவிட்டு ஏழு மாதம் சாறு குடித்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தது இன்றைக்குத்தான். டயாலிசிஸ் அறையில், ஒரு கையில் ஊசி குத்தியிருக்க, மறு கையால் பையைத் துழாவி அந்தத் துண்டை எடுத்தாள். தையல்காரி வெட்டியது, ஓரத்தில் பிசிறே இல்லை.

“ஏன்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“நீ எழுதினதை உங்கிட்டயே கேக்கணுமா? உடம்பு தேறினப்புறம் சொல்லி உன்னை அசத்தலாம்னு இருந்தேன்டா.”

டாக்டர் வந்தார். துண்டைப் பார்த்ததும் அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

“எந்தப் புண்ணியவான்மா இதை எழுதினது?”

அக்கா முந்திக்கொண்டாள்.

“எழுதினவங்க மேல தப்பில்ல டாக்டர். எனக்குத்தான் சரியா படிக்கத் தெரியல.”

அவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“டேய், கொஞ்சம் சத்தமா படிச்சுக் காட்டு. நான் எந்த வார்த்தையை விட்டுட்டேன்?”

5

இங்கே கதை நிற்கிறது. முடிவுகள் சில வைத்திருக்கிறேன்.

ஒன்று: உண்மையைச் சொல்கிறேன், அவள் மன்னிக்கிறாள். (மன்னித்துவிடுவாள். அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.)

இரண்டு: சிறுநீரகம் தேறுகிறது. (தேறாது. வாரம் மூன்று நாள் இந்த மெஷின், இனி எப்போதும். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுக் காலையிலேயே சொல்லிவிட்டார். அவளுக்கு இன்னும் தெரியாது.)

மூன்று: இதழில் திருத்தம் வருகிறது. (வரும். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. அதை யாரும் கத்தரித்து வைத்துக்கொள்ளமாட்டார்கள்.)

6

துண்டு என் கையில் இருக்கிறது. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி என் வாயையே பார்க்கிறாள். படிக்கத் தொடங்கிவிட்டேன். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அச்சில் இருப்பதைப் படிப்பதா, நான் வெட்டியதைப் படிப்பதா? அடுத்த சொல்லை நீங்களே அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்:

‘சர்க்கரை வியாதியால் கெட்ட சிறுநீரகம், இந்த இலையின் சாற்றால்