டிரம்பெட்டுக்கான தாள்

ஏழாவது மாடின்னு ஒரு பேண்டு. எங்க இசைக் கல்லூரிக்கு மொத்தமே மூணு மாடிதான். அந்தப் பேரை வைக்கவே மூணு வாரம் கேன்டீன் பெஞ்சைத் தேய்ச்சாங்க. அவங்கன்னு சொல்றேன், அப்போ அந்த ஆறு பேர்ல நானும் ஒருத்தி. பேஸ் கிடார் வாசிச்ச தாடிதான் தலைவன். யாரும் தேர்ந்தெடுக்கலை. தாடி இருந்துச்சு, தலைவன் ஆயிட்டான். நான் கீபோர்டு. அது போக, யார் யார் என்ன வாசிக்கணும்னு தாள்ல எழுதிக் குடுக்கிற வேலையும் என் தலையில. மத்தவங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.

வாசிச்சது ஃபங்க்காம். ஃபங்க்னா உட்கார்ந்திருக்கிறவன் எழுந்து ஆடணும். எங்க வாசிப்பைக் கேட்டா நிக்கிறவனும் உட்கார்ந்துடுவான். அதுல கொஞ்சம் ஜாஸ், கொஞ்சம் ராக், போதாக்குறைக்கு ஒரு தாலாட்டுன்னு தாடி அள்ளிப் போட்டான். கேட்டா "கலவை"ம்பான். மிச்ச சோத்தைக் கிளறி வச்ச மாதிரி ஒரு கலவை.

டிரம்பெட்டுக்கு ஒரு குணம் உண்டு. கீபோர்டுக்கு எழுதினதை அப்படியே அதுக்கும் எழுதிக் குடுத்தா, ஒரு படி கீழே இறங்கித்தான் கேட்கும். அதனால டிரம்பெட் தாளை மட்டும் ஒரு படி ஏத்தி எழுதணும். முதல் வருஷப் பாடம் இது. கடைசித் தேர்வு அன்னிக்கு எனக்கு நல்ல காய்ச்சல். ஏத்தி எழுத மறந்துட்டு, காலையில அவசர அவசரமா தாளைக் குடுத்துட்டேன். மேடையில டிரம்பெட் உள்ளே வந்ததும்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. நாங்க ஒரு பக்கம் போறோம், அது மட்டும் முறுக்கிக்கிட்டு இன்னொரு பக்கம் போகுது. போச்சு, ஆறு பேரையும் ஃபெயில் ஆக்கிட்டேன்னு நினைச்சேன்.

தேர்வு அதிகாரி எழுந்து நின்னு கைதட்டுறார்! "ரெண்டு உலகம் மோதிக்குது! யாரோட யோசனை இது?"

என் தப்பு சார்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள தாடி முந்திக்கிட்டான். "மூணு வருஷமா என் மண்டையில ஓடிட்டிருந்தது சார்." அவன் பொய் சொன்னான்னு கூட சொல்ல முடியாது. அவனுக்கு நிஜமாவே வித்தியாசம் தெரியலை. நாலு வருஷம் சங்கீதம் படிச்ச காது!

அப்புறம் அதே தப்புத் தாளை வச்சே பேண்டு ஓஹோன்னு போச்சு. ரேடியோ, பேட்டி, பெரிய பெரிய மேடை. ஒவ்வொரு பேட்டியிலயும் தாடி ரெண்டு உலகத்தை மோத விடுவான். வீட்ல தையல் வேலை பார்க்கிற எங்கம்மாதான் எல்லாருக்கும் மினுமினு கோட்டு தைச்சுக் குடுத்தாங்க. என் கோட்டு மட்டும் பட்டன் வைக்காமலே நின்னு போச்சு. கீபோர்டை இனிமே லேப்டாப்பே வாசிச்சுக்குமாம்.

ரெக்கார்டு வந்தது. அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அட்டையை முன்னும் பின்னும் திருப்பினாங்க. "உன் பேரு எங்கடி? என் கண்ணுல படலையே." கடைசி வரியில தாடி தன் நாய்க்குட்டிக்குக் கூட நன்றி சொல்லியிருந்தான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

நேரா போய்க் கேட்டேன். "தாள் எல்லாம் நான்தானேடா எழுதினேன்? அடுத்த பதிப்பிலயாவது ஒரு ஓரமா என் பேரைப் போடு. அம்மா தேடுறாங்க."

"எழுதினேன்னு சொல்லாதே. நகல் எடுத்தே. அதுக்கெல்லாம் பேரு போட்டா ஜெராக்ஸ் மெஷினுக்கும் போடணும்" என்று சிரிச்சான்.

ரெண்டு மாசம் கழிச்சு அவனே வந்தான். டிரம்பெட்காரன் வெளியூர் வேலைக்குத் தாளோட போயிட்டானாம். பெரிய நிகழ்ச்சி இருக்கு, பெரிய வித்வான் ஒருத்தர் வாசிக்கிறார், ஒத்திகைக்கெல்லாம் வர மாட்டார், தாளைப் பார்த்தே வாசிச்சுடுவார். "ஒரு தாள் எழுதிக் குடு. அவர் முன்னாடி மானம் போயிடக் கூடாது. ஒரு தப்பு கூட இருக்கக் கூடாது, தெரியுதா?"

"நீ சொன்னா சரிடா" என்றேன்.

ஒழுங்கா ஒரு படி ஏத்தி, முதல் வருஷப் பாடத்துல சொன்னபடி, சுத்தமா எழுதிக் குடுத்தேன். ஒரு தப்பு இல்லை.

நிகழ்ச்சிக்கு அம்மாவும் நானும் கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கு அந்தப் பாட்டுன்னா உயிர். வீட்ல அது ஓடினா தையல் மெஷின் மிதியும் அதே வேகத்துல ஓடும். பாட்டு ஆரம்பிச்சதும் அவங்க கால் தாளம் போட ஆரம்பிச்சது. டிரம்பெட் உள்ளே வந்தது. எல்லாத்தோடயும் ஒட்டிக்கிட்டு, நல்ல பிள்ளையாட்டம், சப்புன்னு. எழுந்து ஆடத் தயாரா இருந்த முன்வரிசை அப்படியே செல்போனை எடுத்துடுச்சு. தாடி திரும்பித் திரும்பி டிரம்பெட்டைப் பார்க்கிறான், லேப்டாப்பைப் பார்க்கிறான். என்ன குறையுதுன்னு அவனுக்குப் பிடிபடவே இல்லை. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. ஏன் பொய் சொல்லணும்?

அம்மா கால் நின்னு போச்சு. "என்னடி, அந்த இடத்தைக் காணோமே? சண்டை போடுற மாதிரி ஒண்ணு வருமே?"

"அது நான் பண்ணின தப்பும்மா. இன்னிக்குத் திருத்திட்டேன்."

அம்மா மேடையைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க.

"அடிப்பாவி, அது நீயா? முன்னாடியே சொல்லியிருந்தா அட்டையில போய் ஏன்டி தேடியிருக்கப் போறேன்?"