வேனில் ஏறிய கரையான்

என் கணவன் டாரலுக்குக் கரையான் ஒழிக்கும் தொழில். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் ஊரில் எங்கள் பக்கம் பாதிக்குப் பாதி பலகை வீடுகள், அதனால் கரையானுக்குப் பஞ்சமில்லை. வாடிக்கையாளருக்குத்தான் பஞ்சம். குறைந்த செலவில் விளம்பரம் என்று டாரல் ஆடாத கூத்தில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் அடித்து வீடு வீடாகக் கொடுத்தான். ஊரார் அதை வைத்து பீட்சா கடையின் விலைப்பட்டியலை ஒட்டிக்கொண்டார்கள். பிறகு சின்னப் பிள்ளைகளின் ஃபுட்பால் அணிக்குச் சட்டை வாங்கிக் கொடுத்து, முதுகில் எங்கள் பெயரைப் போட்டான். பதினாலு ஆட்டம், பதினாலு தோல்வி. எந்நேரமும் எதிரணியைத் துரத்திக்கொண்டே ஓடும் பிள்ளைகளின் முதுகை யார் பார்ப்பது?

அப்போதுதான் லாக்லன் என்ற விளம்பர ஆலோசகர் வந்து சேர்ந்தார். காலுக்கு சாக்ஸ் கிடையாது, வாய்க்குப் பூட்டு கிடையாது.

"பேப்பர்ல போட்டா ஒரு நாள். வேன்ல போட்டா அஞ்சு வருஷம். நீங்க தூங்கினாலும் வேன் தூங்காது" என்றார்.

"தூங்கலேன்னா பேட்டரி இறங்கிடுமே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

செலவு குறைவுதான், என் காரை விற்றால் போதுமாக இருந்தது. விற்றோம். வேன் திரும்பி வந்தபோது அதன் பக்கவாட்டில் ஆளுயரக் கரையான் ஒன்று ஒரு வீட்டை மென்றுகொண்டிருந்தது. கீழே "அடுத்தது உங்கள் வீடா?" என்ற கேள்வியும் எங்கள் நம்பரும்.

எங்களுக்கு வீடு இருந்தால்தானே கரையான் தின்பதற்கு. ஒன்பது வருஷமாக வாடகை. இங்கே வீடுகளை ஏலத்தில்தான் விற்பார்கள். ஆறு ஏலங்களுக்குப் போய் ஆறிலும் தோற்றோம். ஏழாவதாக வெர்னன் தெருவில் ஒரு சின்னப் பலகை வீடு வந்தது. கட்டைக் கால்கள்மேல் நிற்கும் அதன் தரைக்கடியில் டாரல் தன் நல்ல பேன்ட்டோடு ஊர்ந்து பார்த்துவிட்டு, "ஒரு பூச்சி இல்ல, மெரின்" என்றான். இதையும் விட்டால் இந்த ஊரில் நமக்கு வீடே இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. ராத்திரியெல்லாம் அந்த வீட்டிலேயே மனசு குடியிருந்தது.

சனிக்கிழமை காலை வீட்டு வாசலிலேயே ஏலம். இருந்த ஒரே வண்டியில் போனோம்.

"ரெண்டு தெரு தள்ளி நிறுத்து, டாரல்."

"கூட்டம் இருக்கற இடத்துலதான் நிறுத்தணும்னு லாக்லன் சொல்லியிருக்காரு. இவ்ளோ கூட்டம் வேற எப்போ கிடைக்கும்?"

கேட்டுக்கு நேர் எதிரே நிறுத்தினான். காபியும் நாயுமாக நின்ற கூட்டம் வேனைப் பார்த்தது, வீட்டைப் பார்த்தது, மறுபடி வேனைப் பார்த்தது.

"கரையான்காரன எதுக்குக் கூப்ட்ருக்காங்க?"

"பலகை வீடாச்சே. உள்ள என்னாச்சோ!"

வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி கணவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனாள். ஏலம் கேட்க மெல்போர்னிலிருந்து வந்திருந்த ஒருவர் வீட்டு விவரக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். என்ன நடக்கிறதென்று எனக்கு விளங்கிவிட்டது. எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். அன்று தைத்து வைத்ததுபோல் மூடிக்கொண்டேன்.

ஏலக்காரர் தொண்டை கட்டக் கத்தினார். "என்ன மக்களே, ஒரே ஒரு கைதானா?" ஒரே கைதான், என் கை. நான் கேட்ட விலை மிகவும் கீழே இருந்ததால், வீட்டுக்கார அம்மாவிடம் பேசிவிட்டு வருவதாக உள்ளே போனார். வரும்போது அந்த வீட்டுக்கார பெவ் அம்மாவும் கூடவே வந்தார். வேனைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"தம்பி, உங்கள யாரு கூப்ட்டது? என் வீட்டுல கரையானா இருக்கு?"

நான் டாரலின் இடுப்பைக் கிள்ளினேன். "பாத்தாத்தான் தெரியும்னு சொல்லு" என்று காதோடு சொன்னேன்.

கல்யாணத்தில் சம்மதம் சொன்னபோதுகூட இந்த ஆளுக்கு அவ்வளவு குரல் வரவில்லை. "யாரும் கூப்டலம்மா! போன வாரம் நானே கீழ பூந்து பாத்தேன், சுத்தமா இருக்கு. நாங்க ஏலம் கேக்க வந்தோம். எங்களுக்கு வேற வண்டி இல்ல!"

எதிர்ச்சாரி மொத்தமும் திரும்பி வந்தது. மழை விட்ட புல்லில் காளான் முளைப்பதுபோல் கைகள் முளைத்தன. பத்தே நிமிஷத்தில் விலை எங்கள் எல்லையைத் தாண்டிவிட்டது. வீட்டை எடுத்தது அந்த வயிற்றுப் பிள்ளைக்காரிதான்.

பிறகு வேனைச் சுற்றி ஒரே கூட்டம். ஆளாளுக்கு நம்பரைப் போட்டோ எடுத்தார்கள். வீடே கைவிட்டுப் போனாலும் பொய் சொல்லாதவன் என்று டாரலின் முதுகில் தட்டினார்கள். சேதி கேள்விப்பட்டு லாக்லன் போன் செய்து, "பாத்தீங்களா, வேன் வேலை செஞ்சிடுச்சு!" என்றார். வேன்தான் செய்தது, பாவம்.

வேனில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன். டாரல் மேல் எனக்கு ஆத்திரம். அவன் செய்தது சரி என்பதால் இன்னும் ஆத்திரம்.

அடுத்த மாதம் முழுக்க வேலை குவிந்ததில், நானும் கூடப் போகவேண்டியதாயிற்று. முதல் வேலையே வெர்னன் தெருவில், அதே வீட்டில். புதிதாகக் குடிவந்தவர்கள் வருஷா வருஷம் நாங்கள்தான் சோதிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் டார்ச்சோடு தரைக்கடியில் ஊர்ந்தேன். ஒவ்வொரு கட்டையையும் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒன்றே ஒன்றாவது இருந்து தொலைக்கக்கூடாதா என்று ஒரு மணிநேரம் தேடினேன். வெளியே வந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, "கரையான் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.