சிவப்பு விழக்கூடாத தட்டு

மேட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோருக்கும் முன்னால் இறங்கி வந்து, அடுப்பைப் பற்றவைத்து, ரொக்கீனாவைத் திட்ட ஆரம்பித்தேன். அன்றைக்குப் புதைத்தது அவள் புருஷன் கானியோவை. திட்டக்கூடாத நாள்தான். பதினொரு வருஷமாகத் திட்டிப் பழகிய வாய் ஒரு சாவுக்காக லீவு எடுக்குமா?

எங்கள் ஊரில் சாவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. தெருதான் சமைத்துப் போட வேண்டும். முதல் சாப்பாடு அந்த வீட்டுப் பிள்ளையின் ஞானத்தாயுடையது. அவள் பானையிலிருந்து ஒரு வாயாவது சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களின் பானை வாசல் தாண்டும். முதல் பானையை வாசலோடு திருப்பி அனுப்பினால் ஞான உறவு அன்றோடு அறுந்தது. அப்புறம் அந்தப் பிள்ளை யாரோ, அவள் யாரோ.

அந்தப் பிள்ளை லவியேரோ. ஞானத்தாய் நான், டொனாத்தா. நிலநடுக்கம் வந்த வருஷம் கோவில் இடிந்து கிடந்ததால் பட்டாளத்துக் கூடாரத்தில்தான் அவனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. குளிரில் நீலம் பாரித்த குழந்தையை என் கம்பளிச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு நின்றேன். எனக்கென்று பிள்ளை இல்லை. அவன்தான் எல்லாம் என்று இருந்தேன்.

மிளகாய்தான் என்னையும் ரொக்கீனாவையும் பிரித்தது. கோடை முடிந்தால் எங்கள் தெருவில் எல்லா பால்கனியிலும் மிளகாய்ச் சரம் தொங்கும். காரமே இல்லாத நீளச் சிவப்பு மிளகாய். காய்ந்ததை எண்ணெயில் போட்டு எடுத்தால் அப்பளம் போல நொறுங்கும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அப்படிச் சரம் தொங்கிய சமயத்தில் நான் அக்காவுக்குத் துணையாகப் பொட்டென்சா நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். மழை வந்தால் சரங்களை உள்ளே எடுத்துப் போடச் சொல்லி என் வீட்டுச் சாவியை எதிர்வீட்டு ரொக்கீனாவிடம் கொடுத்திருந்தேன். நான்கு நாள் விடாமல் மழை. நாற்பது சரமும் பூசணம் பிடித்து நாறிப்போயின. "மழை பெஞ்சதே தெரியாது, நான் ஜன்னல் பக்கமே போகலை, மாதா சத்தியமா" என்றாள். ஆனால் அவள் தன் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, சரங்கள் நனைவதை நிதானமாகப் பார்த்ததைப் பக்கத்து வீட்டு ஃபெலீச்சா பார்த்திருக்கிறாள். பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்த நேரத்தில், கோவில் வாசலில் வைத்து அவளைப் பொய்க்காரி என்றேன். அன்றோடு பேச்சு முறிந்தது. வடக்கே தூரின் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்ட லவியேரோ, கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தாலும் அம்மாவுக்குப் பயந்து என் வாசலைக் குனிந்த தலையோடு கடந்து போவான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்தப் பானை திரும்பி வந்துவிட்டால் அவன் எனக்கு இல்லை. அதனால் ராஜ சமையலாகச் சமைத்தேன். மாவு பிசைந்து ஒவ்வொன்றாக விரலில் உருட்டிய பாஸ்தா. பொரித்த ரொட்டித்தூள். அவள் என்ன சொல்வாள், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று மனசுக்குள்ளேயே முழுச் சண்டையும் போட்டு முடித்து, பானையை மூடி, வெள்ளைத் துணி கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

தெருப் பெண்கள் ஆளுக்கொரு பானையோடு வரிசையாக நின்றார்கள். ரொக்கீனா கறுப்பு உடையில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க மகராசி. எப்படா இந்த வீட்ல சாவு விழும்னு காத்துக்கிட்டு இருந்தீங்களாக்கும்."

"உன் மூஞ்சியப் பாக்க வரலை. என் பிள்ளைக்குச் சோறு போட வந்தேன்."

"உன் பிள்ளையா? பெத்தவ இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். பானையத் தொற. எந்த விஷத்தக் கலந்திருக்கேன்னு தெரு பாக்கட்டும்."

மூடியைத் திறந்தேன். ஃபெலீச்சா நெற்றியில் சிலுவை போட்டாள்.

"மாதாவே! சிவப்பு!"

முதல் நாள் தட்டில் சிவப்பு விழக்கூடாது. தக்காளி கூடாது, மிளகாய் கூடாது, திராட்சை மதுகூட வெள்ளைதான். அது எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். என் பாஸ்தா மேல் நொறுக்கிய மிளகாய் செக்கச்செவேலென்று கிடந்தது. நாற்பது வருஷமாக எல்லாவற்றின் மேலும் அதைத் தூவிய கை, நான் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தன்பாட்டுக்குத் தூவியிருக்கிறது.

"அவரு மேல போட்ட மண்ணு இன்னும் காயலை," ரொக்கீனாவின் குரல் கிறீச்சிட்டது. "மிளகாய் கொண்டாந்திருக்கா பாருங்க! பழைய கணக்கத் தீக்க என் புருஷன் சாவுதான் கெடைச்சுதாடி உனக்கு?"

வேண்டுமென்று செய்யவில்லைதான். சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்?

லவியேரோ அம்மாவை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது.

"விடும்மா. விடிய விடிய ரயில்ல வந்திருக்கேன், பசிக்குது. அப்பாவுக்கும் இதுதான புடிக்கும்." பானைக்குள் கையை நீட்டினான்.

"அதத் தொட்டே, இனிமே என்னை அம்மான்னு கூப்பிடாத."

அவன் கை பானை மேலேயே நின்றது. பின்னால் போகவில்லை. என்னைப் பார்த்தான். பதினொரு வருஷம் கழித்து நேராகப் பார்க்கிறான். 'சாப்பிடுடா' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், மொத்தத் தெருவுக்கும் முன்னால் அவளிடமிருந்து அவனைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பேன். எனக்கு அந்த ஆசை இருந்தது. நிறையவே இருந்தது.

பளாரென்று அவன் கையில் ஒரு அடி போட்டேன்.

"உங்கப்பன் வீட்ல, இன்னிக்கி, சிவப்பா? படிச்சவன்தானடா நீ?" பிறகு அவளிடம் திரும்பினேன். "தப்பு என்னுது, கை பழக்கம். நீ திருப்பி அனுப்பலை, நானா எடுத்துட்டுப் போறேன். எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. நான் வர்றதுக்குள்ள எவ பானையாவது உள்ள போச்சு, இழுத்துப் போட்டு ஒடைப்பேன்."

வீட்டுக்கு வந்து, இருந்ததிலேயே நல்ல கோழியை அறுத்து வெள்ளைச் சாறு வைத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் ஃபெலீச்சா தன் பானையை நீட்டிப் பார்த்தாளாம். "அவ வரட்டும், வந்து இன்னொரு தடவை அசிங்கப்படட்டும்" என்று சொல்லிவிட்டு ரொக்கீனா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாளாம். நான் திரும்பிப் போனபோது தெருப் பானையெல்லாம் ஆறிப்போயிருந்தது.

கிண்ணத்தில் ஊற்றி ரொக்கீனாவிடம் கொடுத்தேன். ஒரு கரண்டி குடித்தாள்.

"உப்பே இல்ல."

"கண்ணீர் விட்டுக்க."

முறைத்தாள். அடுத்த கரண்டியும் குடித்தாள். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லவியேரோ அவள் கண் முன்னால் இரண்டு கிண்ணம் குடித்தான்.

சாவு வீட்டில் கழுவாத அந்தக் காலிப் பானையை ஞானப்பிள்ளைதான் ஞானத்தாய் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அதை அவளாலும் தடுக்க முடியாது. தூக்கிக்கொண்டு வந்தான். என் சமையலறையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். மேஜை மேல் அந்த முதல் பானை அப்படியே இருந்தது.

"சின்னம்மா, இது..."

"இது சாவு வீடு இல்ல. உக்காரு."

உட்கார்ந்தான். மிளகாய் அவன் பல்லில் நொறுங்கும் சத்தம் கேட்டது. அவன் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, அவன் துடைக்காமல் சாப்பிட்டான். எனக்கு ஏனோ எதிரே பார்க்கத் தோன்றியது. அதே ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ரொக்கீனா நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், அவன் தட்டைப் பார்த்தாள். கத்தவில்லை. ஜன்னல் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

நாளைக்குக் கேட்டால், ஜன்னல் பக்கமே போகலை என்று மாதா மேல் சத்தியம் செய்வாள். செய்யட்டும்.