வாயிலிருந்து போன சொல்

சைதாப்பேட்டை மீன் மார்க்கெட்டில் கடை போட்டிருந்த துரைராஜின் வாயிலிருந்து 1996 ஆடி மாதத்தில் 'வரேன்' என்ற சொல் காணாமல் போனது. அந்த வாரம் வஞ்சிரம் விலை ஏறியிருந்தது. மார்க்கெட்டில் அதுதான் பெரிய பேச்சு. கடைக்குக் கிளம்பியவன் "போறேன்" என்றான், அவ்வளவுதான். மனைவி பொன்மணி வாசலில் அவனை மறித்தாள். "யோவ், வூட்ட வுட்டு கெளம்பறப்ப எவனாவது போறேன்னு சொல்வானா? போய்ட்டு வரேன்னு சொல்லுய்யா." துரைராஜ் முயன்றான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சொல் இருந்த இடத்திலிருந்து பூனை வாடைதான் வந்தது.

கூடவே பயமும் போய்விட்டது. பஸ் ஹாரன் அடித்தாலும் ஒதுங்கமாட்டான். "இருக்கறதே அலுப்பா கீது பொன்மணி" என்பான், கணக்குச் சொல்வதுபோல. அடையாறில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, பூனைக் கழிவிலிருந்து பரவுகிற கிருமி என்றார். அது புகுந்த எலி பூனையைக் கண்டு ஓடாதாம். சாகிற எண்ணமும் அதனால்தானா என்று பொன்மணி கேட்டாள். இருக்கலாம், யாருக்கும் உறுதியாகத் தெரியாது, மனநல டாக்டரிடம் உடனே காட்டுங்கள், தனியாக விடாதீர்கள் என்றார். பைத்தியம் என்று பேர் வந்துவிடுமே என்று பொன்மணி பயந்தாள். பூச்சிதானே என்று மெடிக்கலில் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். அவன் வயிறு சுத்தமானது. வார்த்தை திரும்பவில்லை.

பிறகு அவன் கிளம்பும்போதெல்லாம் அவளே வாசலில் நின்று "வந்துடுவாரு" என்று அவனுக்காகச் சொன்னாள். மூன்று மாதம் அது பலித்தது. ஐப்பசியில் ஒரு நாள் அவள் தண்ணி லாரியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தபோது அவன் கிளம்பிவிட்டான். வாசலில் சொல்ல ஆளில்லை. ஆற்றில்தான் கிடைத்தான். அந்த ஒரு குடம் தண்ணீரை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், அவன் மீன் தலை போட்டு வளர்த்த பூனை வாசற்படியைத் தாண்டும்போது அவன் குரலில் "போய்ட்டு வரேன்" என்றது. "கொரலு அப்டியே கீது" என்றாள் பக்கத்து வீட்டு தேவானை. சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போனாள். பொன்மணி துடைப்பத்தை வீசினாள். "திருட்டு மூதேவி, அந்த ஒத்த வார்த்தைய அவருக்கே வுட்டிருந்தா இன்னா?" என்று கதறினாள். பொழுது சாய்ந்ததும் பூனை திரும்பி வந்தது.

இப்போதெல்லாம் அது சொல்லிக்கொள்ளும்போது பொன்மணி "சரி, போய்ட்டு வா" என்கிறாள். மத்தி மலிவாக இருந்தால் அதற்கும் ஒன்று வாங்குகிறாள். பூனை தினமும் வந்துவிடுகிறது.