நச்சரியும் சித்தியும்

நான் எழுதிய சின்ன நிரலுக்கு நச்சரி என்று பெயர் வைத்தது என் வீட்டுக்காரர். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். சொன்ன இணையப் பக்கத்தை இடைவெளி விட்டு விட்டு நூறு தடவை திறந்து, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறித்து, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணைச் சொல்லும். ஒரே கேள்வியை நூறு தடவை கேட்கிறதே, உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்றார். எனக்குக் கோபம்தான். பெயர் பொருத்தமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

எங்கள் கம்பெனி பஸ் டிக்கெட் விற்கிறது. முகப்புப் பக்கம் திறப்பதற்குள் பஸ்ஸே போய்விடுகிறது என்று பயணிகள் திட்டித் தீர்த்தார்கள். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அதைப் புதிதாக எழுதினேன். பழையதை எட்டு வருடத்துக்கு முன் தனியாக உட்கார்ந்து எழுதியவர் எங்கள் குழுத் தலைவர். இரண்டில் வேகமானது இருக்கட்டும், மற்றது குப்பைக்கு என்று அவரே சொல்லிவிட்டார். கெடு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி.

செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் வீட்டிலிருந்தே பதினோரு மணிக்கு நச்சரியை ஓட்டினேன். முதலில் பழையது நூறு தடவை, அது முடிந்ததும் புதியது நூறு தடவை. மூன்று நாளும் புதியதுதான் தோற்றது, அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை. எழுதியதை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன், ஒரு குற்றமும் அகப்படவில்லை. அழுகை முட்டியது. பாவம், துணி மடித்துக்கொண்டிருந்த மனுஷர் மேல் எரிந்து விழுந்தேன்.

வெள்ளியும் அதே கதை. புதியதன் எண்கள் ஏற ஏற எனக்கு ரத்தம் கொதித்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனால், அம்மா சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துச் சித்தியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் சித்தி திறந்த வாய் திறந்தபடி அசையாமல் இருந்தாள்.

"கம்ப்யூட்டர்ல அப்படி என்னத்தடி பண்றே? நாலு நாளா பதினொன்றரைக்கு நான் கூப்பிட்டாலே இவ முகம் நின்னுடுது" என்றாள் அம்மா.

பதினொன்றரை. பழையது முடிந்து புதியது தொடங்குகிற நேரம். எனக்குப் பொறி தட்டியது. பழையது ஓடும்போது வீட்டு இணையம் மொத்தமும் அதற்கு. புதியது ஓடும்போது பாதியைச் சித்தி எடுத்துக்கொள்கிறாள். நூறு தடவை அளக்கத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை, என் புத்தியை என்னவென்று சொல்ல! அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவள் அரண்டுபோய் போனை வைக்கப் பார்த்தாள். வைக்காதே, நன்றாகப் பேசு என்றேன். அவளிடம் அப்படி யாரும் இதுவரை சொன்னதில்லை.

நச்சரியைத் திருத்தினேன். இனி பழையது ஒன்று, புதியது ஒன்று, மாறி மாறி. சித்தி தொல்லை கொடுத்தால் இரண்டுக்கும் சமமாகக் கொடுக்கட்டும். நூறு ஜோடியில் தொண்ணூற்றாறில் புதியது முந்தியது. பழையது எடுத்த நேரத்தில் பாதிகூட அதற்குத் தேவைப்படவில்லை. நாற்காலியிலிருந்து குதித்தே விட்டேன்.

நாலு மணிக்குத் தலைவரிடம் போனில் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நிரலைத் தனக்கு அனுப்பச் சொன்னார், தன் வீட்டில் முந்நூறு ஜோடி ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. தான் பெற்றதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, ஓட்டை தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு மணிக்கு வீடியோவில் அழைத்தார். இருநூற்றுத் தொண்ணூற்றொரு தடவை என் பக்கம் ஜெயித்திருந்தது.

"இன்னும் சந்தேகம் இருக்கா சார்?" என்றேன். குரலில் சூடு இருந்தது, மறைக்கவில்லை.

"எனக்கு நாலு மணிக்கே சந்தேகம் இல்லமா. ஆனா மேல இருக்கறவங்க நாளைப்பின்ன உன்னைக் குடைவாங்க. பழசை எழுதினவனே முந்நூறு தடவை ஓட்டிப் பார்த்துட்டான்னா, அப்புறம் யாரு வாயைத் திறப்பா?"

தன் கணினித் திரையை எனக்குக் காட்டி, என் கண்ணெதிரே தன் பழைய பக்கத்தைத் தன் கையாலேயே அழித்தார். புதியதைத் திறந்தார். கண் சிமிட்டுவதற்குள் வந்து நின்றது. அவர் முகமெல்லாம் சிரிப்பு. மூடிவிட்டு மறுபடி திறந்தார். மறுபடியும். ஒன்பது தடவை வரை எண்ணினேன், அதற்கு மேல் கண்ணீர் மறைத்துவிட்டது.