ஷிவலீலா எண்ணிய பதினேழு

1

இந்தக் கதையை நானாக யோசித்து எழுதவில்லை, அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தாவணகெரேயில் எங்கள் எதிர்வீட்டு கிரிஜம்மா, மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷமாக மைக்ராஸ்கோப் துடைப்பவள், மண்டக்கிப் பொரி கொறித்துக்கொண்டே சொன்னது. "எழுதுறதா இருந்தா என்னை நல்லவளா எழுதணும்" என்றாள். பார்ப்போம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "குறுக்கே வெட்டிப் பார்த்தால் தமனி வட்டமாக விறைத்து நிற்கும், பக்கத்திலேயே சிரை, காற்றுப் போன பலூனாக..." வேண்டாம், கண்ணுகளா. நீங்கள் கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது. பரீட்சைக்கே போய்விடுவோம்.

2

அந்தப் பரீட்சை எளிது. தன் விரலைத் தானே குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் இழுத்து, சாயம் பூசி, மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும். சிவப்பணுக்கள் நடுவில் கட்டைவிரலால் அமுக்கிய தட்டடைபோல ஆயிரக்கணக்கில் கிடக்கும். இடையிடையே வெள்ளணுக்கள். அவற்றில் நூறை எண்ணி, எந்த வகை எத்தனை என்று எழுத வேண்டும்.

யாரும் எண்ணுவதில்லை. புத்தகத்தில் இருக்கும் கணக்கை எழுதிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அதில் ஈசினோபில் மூன்று. (உள்ளே ஆரஞ்சு மணி நிறைந்து, கரு இரண்டு வில்லை மூக்குக்கண்ணாடிபோல இருக்கும் அணு அது. பார்க்க அழகு. வயிற்றில் பூச்சியோ அலர்ஜியோ இருந்தால் பெருகிவிடும்.)

மாணவி ஷிவலீலாவுக்கு இது நான்காவது தடவை. விதிப்படி ஐந்தாவது கிடையாது; இன்று தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அவளை நேர்மையின் திருவுருவமாக எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். உண்மை இதுதான்: பயத்தில் புத்தகக் கணக்கு அவளுக்கு மறந்துவிட்டது. வேறு வழியில்லாமல் எண்ணினாள்.

ஈசினோபில் பதினேழு.

பின்னால், லென்ஸுக்கு விடும் எண்ணெய்க் குப்பியோடு நின்ற கிரிஜம்மா தாளை எட்டிப் பார்த்தாள்.

"பதினேழா? மூணுன்னு எழுது தாயி."

"பதினேழுதான் இருக்கு அக்கா. ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"இருந்துட்டுப் போகட்டும். உன் ரத்தத்துக்கா மார்க் போடப் போறாங்க?"

(இந்த இடத்தை எடுத்துவிடச் சொல்லி கிரிஜம்மா கெஞ்சினாள். எடுக்க எனக்கு மனம் வரவில்லை.)

3

வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் ஹொசமனி, இருபத்திரண்டு தாள்களைத் திருத்தி முடித்திருந்தார். இருபத்திரண்டிலும் ஒரே கணக்கு. ஒரே வயிற்றில் பிறந்திருந்தாலும் இத்தனை ஒற்றுமை இருக்காது. ஆனாலும் அவருக்குச் சந்தேகம் வந்தது இருபத்து மூன்றாவதில்தான்.

"என்னம்மா இது, பதினேழு? வயித்துல பூச்சி இருக்கா?"

"தெரியாது சார்."

"மூச்சுத் திணறல்? அலர்ஜி?"

"தூசி பட்டா தும்முவேன் சார்." சொல்லிவிட்டு, சாட்சி சொல்வதுபோல ஒரு தும்மலும் போட்டாள்.

"தும்மினா மார்க் வராது. எண்ணத் தெரியலைன்னு ஒத்துக்கோ, போதும்."

ஷிவலீலா அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும் அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அவள் அழவில்லையாம்.

"நீங்களே எண்ணிப் பாருங்க சார்."

பரீட்சகரைப் பார்த்து அங்கே யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. மணி ஒன்றரை. விருந்தினர் அறையில் அவருடைய பெண்ணெ தோசை, வெண்ணெய் மிதக்க, ஆறிக்கொண்டிருந்தது. தவிர, இவளுடையதை எண்ணினால் அந்த இருபத்திரண்டையும் எண்ண வேண்டாமா? இருபத்திரண்டு பேரும் அதையேதான் நினைத்து வியர்த்தார்கள்.

"லே ஷிவி, பேசாம மூணுன்னு மாத்துடீ, எங்களைக் கொல்லாதே" என்று ஒருத்தி பல்லைக் கடித்தாள்.

அப்போது கிரிஜம்மா ஒரு காரியம் செய்தாள். ஷிவலீலாவின் சில்லில் ஒரு துளி எண்ணெய் விட்டு, லென்ஸைத் தாழ்த்தி, முக்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். தோசையை நான் சூடு பண்ணிக் கொண்டுவரச் சொல்றேன்."

(நல்லவளாக எழுதிவிட்டேனா, கிரிஜம்மா?)

4

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில், அவர் உட்கார்ந்து எண்ணி, பதினேழு என்று சொல்லி, அவள் கையைக் குலுக்கினார். கிரிஜம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சினிமா" என்றாள். இன்னொன்றில், அறுபத்து நான்காவது அணுவில் கணக்கு விட்டுப்போய், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, மறுபடி விட்டு... அதுவும் சரிப்படவில்லை.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நான் ஒரு எண்ணைச் சொன்னால், என் பேச்சை நம்பி அப்படியே எழுதிவைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

அதனால் ஹொசமனியைக் கதையிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டேன். முக்காலி காலி. உட்காருங்கள், கண்ணு. இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவசரமில்லை, நூறுதான். ஷிவலீலா மட்டும் உங்கள் பின்னால் நின்றுகொண்டே இருப்பாள்.